கின்செல்லா வீட்டு மருமகள்

3 ஜனவரி 2018, போத்தனூர்

புது வருஷம் பிறந்து மூன்றாம் நாள்தான் டைரியைத் திறக்க நேரம் வாய்த்திருக்கிறது. காலையில் மிஸ்ஸுக்குப் பெட்பேன் வைத்து எடுத்து, உடம்பு துடைத்து, முதுகில் புண் வராமல் பவுடர் போட்டு, கஞ்சி ஊட்டி, பல்செட்டைக் கழுவி டம்ளரில் போட்டு நிமிர்ந்தால் பொழுது உச்சிக்கு வந்துவிடுகிறது. இதெல்லாம் நான் பெற்ற தாய்க்குக்கூடச் செய்ததில்லை. அவள் எனக்கு அந்த வேலையே வைக்காமல் போய்ச் சேர்ந்தாள்.

மிஸ் என்பது என் வீட்டுக்காரர் கிளாரன்ஸின் அக்கா, மாரீன் கின்செல்லா. எண்பத்தொரு வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவள். நவம்பரில் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு போனது. கிளாரன்ஸ் இறந்து இரண்டு வருஷமாகிறது. இந்த வீட்டில் இப்போது அவளும் நானும்தான். நான் கல்யாணமாகி வந்த மறுநாள், "என்னை மிஸ் மாரீன்னு கூப்பிடு, போதும்" என்று சொல்லிவிட்டாள். ஒருவேளை அவளுக்கு நான் வகுப்பில் கடைசி பெஞ்ச்.

ஹாலில் அவள் பச்சை மையால் வரைந்த வம்சப்படம் கண்ணாடிக்குள் தொங்குகிறது. உச்சியில் மைக்கேல் கின்செல்லா, அயர்லாந்து தேசத்து வெக்ஸ்ஃபோர்டுக்காரர், ரயில்பாதை போட வந்தவர். அவருக்குக் கீழே பேட்ரிக், அவர் மனைவி டாரத்தி. அவர்களுக்குக் கீழே மாரீனும் கிளாரன்ஸும். கிளாரன்ஸுக்குக் கீழே என் மகன் ஆல்வின். என் பெயர் இல்லை. ஆல்வின் ஆகாயத்திலிருந்து விழுந்திருக்கிறான். ஒருமுறை கேட்டேன்.

"இது கின்செல்லா ரத்தத்தோட படம், மேன். கட்டிக்கிட்டு வந்தவங்களுக்கு இதுல இடமில்லை."

டாரத்தியும் கட்டிக்கொண்டு வந்தவள்தான். ஆனால் அவள் சட்டைக்காரி, ஆங்கிலோ இந்தியப் பெண். நான் கருமத்தம்பட்டித் தமிழ்ச்சி.

அடுத்த வாரம் அயர்லாந்திலிருந்து ஒருவர் வருகிறாராம். உலகம் முழுக்க இருக்கிற கின்செல்லாக்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது, அதன் செயலாளர். மெல்போர்னில் ஆல்வின் அந்தச் சங்கத்தில் சேர்ந்து, ஆண்வழி பார்க்கும் மரபணுச் சோதனைக்கு எச்சில் வேறு கொடுத்திருக்கிறான். வீட்டைப் பெருக்க வரும் தெய்வாத்தாளிடம் சொன்னேன்.

"அப்ப இவீகளும் நம்மாட்டக் கூட்டம் பாக்கறவீகதானுங்களா டீச்சரம்மா" என்றாள். ஆமாம், இவர்களும் குலம், கூட்டம் பார்க்கிறவர்கள்தான்.

9 ஜனவரி

ஈமன் கின்செல்லா வந்து போனார். சிவந்த, பெரிய, நல்ல மனிதர். வெயிலில் முகம் உரிந்திருந்தது. மிஸ் நீல கார்டிகனும் முத்துமாலையும் கேட்டாள். தலையணை நான்கு வைத்து உட்கார வைத்தேன்.

அவர் பெயர்க்கதை சொன்னார். அயர்லாந்துக்காரர்கள் பெயருக்கு முன்னால் இன்னாரின் மகன், இன்னாரின் பேரன் என்று ஒரு ஒட்டு இருக்கும். வெள்ளைக்காரன் ஆட்சியில் பலர் அந்த ஒட்டை வெட்டிவிட்டார்கள். கின்செல்லாவுக்கு வெட்ட ஒன்றுமே இல்லை, ஆரம்பத்திலிருந்தே அது ஒட்டில்லாமல் தனியாக நிற்கிற பெயர். அந்த வம்சம் லென்ஸ்டர் தேசத்து அரசன் ஒருவனின் மகனிலிருந்து தொடங்குகிறதாம். அந்த அரசன்தான் நாட்டைப் பிடித்துக்கொள்ள முடியாமல் கடல்தாண்டி அந்நியர்களைக் கூப்பிட்டு வந்தவன். அந்த மகனின் கண்ணை எதிரிகள் பிடுங்கிவிட்டார்கள். நாட்டைக் காட்டிக்கொடுத்தவன் அப்பன், கண் போனவன் பிள்ளை. இந்தப் பெருமைக்குத்தான் இத்தனை வருஷம் பச்சை மை.

மிஸ் கேட்டுக்கொண்டே அழுதாள். "ராஜ வம்சம்" என்று என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். ஈமனுக்குப் புரியக் கூடாதென்று இல்லை, எனக்குப் புரிய வேண்டுமென்று.

போகும்போது அவளுக்கும் ஒரு சோதனைக் குழாயைப் பரிசாகக் கொடுத்தார். வெறும் வயிற்றில், வாய் கொப்பளிக்காமல், இதில் எச்சில் துப்பி மூட வேண்டும். பெண்ணுக்கு ஆண்வழி தெரியாது, ஆனால் யார் யாருக்கு உறவு என்பது தெரியும் என்றார். மிஸ் அதை ஆசையாக வாங்கி அப்புறம் பார்க்கலாம் என்றாள். பீரோமேல் வைத்திருக்கிறேன்.

என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

10 ஜனவரி

மிஸ்ஸுக்கு வயிறு சரியில்லை. நேற்றுப் பெருமையில் கேக் அதிகம். படுக்கை விரிப்பு மூன்று முறை மாற்றினேன்.

28 ஜனவரி

ஆல்வின் போன். குரல் சரியில்லை. அவனுடைய சோதனை முடிவு வந்துவிட்டது. அயர்லாந்துக் கின்செல்லாக்கள் ஒருவரோடும் ஒட்டவில்லை. கிட்டத்திலும் இல்லை, தூரத்திலும் இல்லை. ஆண்வழி நம் பக்கத்து வழி என்கிறதாம்.

"நம்ம பக்கம்னா?"

"இந்தப் பக்கம் மம்மி. கோயமுத்தூர், சேலம், கேரளா, எதுவோ. சவுத் இந்தியா."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அவன் ஏன் சிரிக்கவில்லை என்று போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

29 ஜனவரி

மிஸ்ஸுக்கும் ஆல்வின் சொல்லிவிட்டான். அவள் பெரிதாக அதிரவில்லை. மதியம் முதுகுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருக்கும்போது சுவரைப் பார்த்தபடி பேசினாள்.

"கிளாரன்ஸ் பாவம். ரயில்ல கார்டு வேலை. வாரத்துல பாதி நாள் ஈரோடு, ஷொர்ணூர்னு வெளியே. வீட்டுல நடக்கறது அவனுக்கு என்ன தெரியும்."

"என்ன நடந்துச்சு மிஸ்?"

"அந்தத் தமிழ் வாத்தியார் சைக்கிள்ல வருவானே. பேப்பர் திருத்தறேன்னு."

என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த தனபால் சார். வாய் நிறைய வெற்றிலையோடு பேசி, திருத்தின விடைத்தாள்மேல் சிவப்பாகத் தெறிக்க விடுவார். பிள்ளைகள் மதிப்பெண் எது, எச்சில் எது என்று தெரியாமல் குழம்புவார்கள். எனக்கு நடத்தை கெட வேண்டுமென்றால் அதற்காவது கொஞ்சம் லட்சணமான ஆளாகப் பார்த்திருக்க மாட்டேனா?

கையை எடுக்கவில்லை. பவுடர் போட்டு முடித்தேன். நைட்டியின் பட்டன்களையும் நானே போட்டுவிட்டேன்.

2 பிப்ரவரி

ஆல்வின் மறுபடியும்.

"மம்மி, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கும் ஒரு பையன் இருக்கான். தெரிஞ்சுக்கணும்னு இருக்கு. டாடிதான் என் டாடியா? யாரா இருந்தாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன். எனக்குப் புரியும்."

கோபித்துக்கொள்ள மாட்டானாம். புரிந்துகொள்வானாம். நான் செய்யாத தப்பை என் பிள்ளை மன்னிக்கக் காத்திருக்கிறான். கிளாரன்ஸின் முழங்கால், கிளாரன்ஸின் தும்மல், சாப்பிட்டுவிட்டுத் தட்டில் கை கழுவும் அதே கெட்ட பழக்கம். இதையெல்லாம் எடுத்துச் சொல்லி நான் பத்தினி என்று நிரூபிக்க வேண்டும். சொல்லவில்லை. "உன் அப்பா உன் அப்பாதான்" என்று மட்டும் சொன்னேன். "சரி மம்மி" என்றான். நோயாளியிடம் பேசுகிற குரல்.

பிறகு அவனே சொன்னான். அத்தை எச்சில் கொடுத்தால் எல்லாம் தெளிந்துவிடும் என்று ஈமன் எழுதியிருக்கிறாராம். நான் கிளாரன்ஸின் பிள்ளையைத்தான் பெற்றேன் என்றால், மாரீனுக்கும் ஆல்வினுக்கும் அத்தை மருமகன் உறவு அதில் பளிச்சென்று வந்துவிடும். குழாய் பீரோமேல்தான் இருக்கிறது.

4 பிப்ரவரி

கேட்டேன். கஞ்சிக்கு முன்னால், குழாயைக் கையில் வைத்துக்கொண்டு.

"நோ" என்றாள்.

"ஒரு துளி எச்சில்தான் மிஸ்."

"என் எச்சில், மேன். என் இஷ்டம்."

தினமும் அவள் தலையணையிலிருந்து அதை நான்தான் துடைக்கிறேன்.

14 பிப்ரவரி, சாம்பல் புதன்

பங்குச்சாமியார் லூர்து வீட்டுக்கே வந்து இரண்டு பேர் நெற்றியிலும் சாம்பல் பூசினார். அவளுக்கு நற்கருணையும் கொடுத்தார். முன்கூட்டியே அவரிடம் என் சங்கடத்தைச் சொல்லியிருந்தேன். அவளோடு தனியாகக் கொஞ்ச நேரம் பேசினார். வெளியே வந்து, "ஜெபம் பண்ணுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். ஜெபம் பண்ணச் சொல்கிறவர்கள் எல்லோருமே கிளம்பும் அவசரத்தில்தான் இருக்கிறார்கள்.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். கதவைச் சாத்தச் சொன்னாள்.

"எங்க டாடி பேட்ரிக்கை மைக்கேல் கின்செல்லா பெத்துக்கலை."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். இந்த அறையில் நான் உட்கார்வதே அபூர்வம்.

"ஸ்டேஷன்ல, மூணாங்கிளாஸ் வெயிட்டிங் ரூம்ல, பெஞ்சுக்கு அடியில கிடந்துச்சாம் குழந்தை. பழைய சேலைத்துணியில சுத்தி. மைக்கேலுக்குப் பிள்ளை இல்லை. தூக்கிட்டுப் போய் ஞானஸ்நானம் குடுத்துப் பேரையும் குடுத்துட்டார். எனக்குப் பதினெட்டு வயசுல டாடி சொன்னார். தம்பிக்குச் சொல்லாதேன்னு பைபிள்மேல என் கையை வச்சு அழுத்தினார்."

என் மாமனார் பேட்ரிக்கின் நிறத்தை நினைத்துக்கொண்டேன். இந்திய வெயில் என்பார்கள்.

"அப்ப நான் தப்புப் பண்ணலைன்னு உங்களுக்கு மொதல்லயே தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுட்டேதான் வாத்தியார் கதை கட்டுனீங்க."

"வேற எதைச் சொல்றது, மேன்? யாரோ ஒருத்தர் மேல பழி விழணும். டாடி மேல விழ விடுவேனா?"

"ஆல்வின்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"மாட்டேன். உனக்குப் பிள்ளை இருக்கான், பேரன் இருக்கான், உன் ஊர்ல உன் ஜனம் இருக்கு. எனக்கு என்ன இருக்கு? ஜோலார்பேட்டையிலருந்து ஒருத்தன் பொண்ணு கேட்டு வந்தான். நல்ல பையன், ஃபிட்டர். அவனுக்குச் சொல்ல வேண்டி வருமேன்னு வேண்டாம்னுட்டேன். நான் இந்தப் பேரைத்தான் கட்டிக்கிட்டேன். எண்பத்தொரு வயசுல என்னை வெயிட்டிங் ரூம்ல கொண்டு போய்ப் போடாதே."

எனக்குப் பரிதாபம் வந்தது. வந்ததற்காக என்மேல் எனக்கே ஆத்திரமாக இருக்கிறது.

16 பிப்ரவரி

பரிதாபத்தை ஒரு நாள் வைத்திருந்தேன், அதற்குமேல் முடியவில்லை. ஆல்வினைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "ஆன்ட்டியே சொன்னாங்களா?" என்றான். போனை அவள் காதில் வைத்தேன். என்னைப் பார்த்துக்கொண்டே இங்கிலீஷில் அவனுக்குப் பதில் சொன்னாள். அப்படி எதுவும் இல்லை குழந்தை, உன் அம்மா என்னைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப் போயிருக்கிறாள், அவளைத் திட்டாதே.

அவன் என்னைத் திட்டவில்லை. தூங்குங்கள் மம்மி என்றான்.

20 பிப்ரவரி

விடிந்ததும் தெய்வாத்தாள் பால் வாங்கி வைத்துவிட்டுப் பூசணிக்காய்க்கு விலை சொல்லிப் போனாள். மிஸ் வாயைத் திறந்தபடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இன்று அவளுக்குக் காபி கொஞ்சம் தாமதம். பால் வரவில்லை என்று சொன்னேன். பீரோமேல் தூசி தட்டினேன். ஆல்வினுக்குக் கூரியர் போட்டேன். கைமுறுக்கு, பருப்புப்பொடி, இன்னும் சில்லறைச் சாமான்.

வெயில் இப்போதே தொடங்கிவிட்டது.

11 மார்ச்

மிஸ்ஸுக்கு இன்று மனநிலை நன்றாக இருந்தது. என் ரசத்தைக் கேட்டு வாங்கிக் குடித்தாள். "யூ மேக் குட் பெப்பர் வாட்டர்" என்றாள். முப்பத்தைந்து வருஷத்தில் முதல் நற்சான்றிதழ். நானும் ஒரு டம்ளர் குடித்துப் பார்த்தேன். மிளகு அதிகம்.

24 மார்ச்

முடிவு வந்துவிட்டது. ஆல்வின் பேசும்போதே அழுதான்.

"அத்தையும் மருமகனும்தான் மம்மி. சந்தேகமே இல்லை. ஆன்ட்டிகிட்ட இருக்கிற கொஞ்சம் ஐரோப்பா டாரத்தி பாட்டி வழியில வந்ததாம். பேட்ரிக் தாத்தா வழி முழுக்க இந்த மண்ணுதான். நீங்க சொன்னது அத்தனையும் உண்மை. மன்னிச்சுக்குங்க மம்மி. மம்மி, இருக்கீங்களா?"

போனை மேடைமேல் வைத்துவிட்டுத் தேங்காய் துருவினேன். துவையலுக்கு. அவன் அழுதுகொண்டே இருந்தான். ஒரு மூடி முழுதும் துருவின பிறகு எடுத்து, "அத்தைகிட்ட இதைப் பத்தி மூச்சு விடாதே" என்றேன். விடமாட்டேன் என்றான். ஆனால் அவர்களுடைய வம்சப்படத்துக்காக ஈமனுக்கு ஏற்கனவே எழுதிவிட்டானாம்.

ஜெயித்துவிட்டேன். துவையலில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

25 மார்ச், குருத்தோலை ஞாயிறு

கோயிலிலிருந்து ஓலையோடு திரும்பினால், ஈமன் வீடியோவில் மிஸ்ஸைப் பார்க்க வேண்டும் என்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் நினைத்தேன். அவள் காதில் விழுந்துவிட்டது. லிப்ஸ்டிக் கேட்டாள். நானே பூசிவிட்டேன்.

அந்த நல்ல மனிதர் நல்லதுதான் பேசினார். எங்கள் ஊரிலும் பாதிப் பேர் இப்படித்தான், வளர்த்தவர் பெயரை எடுத்துக்கொண்டவர்கள், எஜமான் பெயரை எடுத்துக்கொண்டவர்கள், ரத்தம் பார்த்தால் சங்கத்தையே இழுத்து மூட வேண்டியதுதான் என்றார். மைக்கேல் தூக்கி வளர்த்த பிள்ளை கின்செல்லாதான், உங்கள் குடும்பத்தை எங்கள் புத்தகத்தில் அப்படியே வைத்திருக்கிறோம் என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, உண்மை தெரிந்திருந்தும் எச்சில் கொடுத்தீர்களே, அந்தத் துணிச்சலுக்கு நன்றி என்றார்.

மிஸ் சிரித்த முகம் மாறாமல் கேட்டாள். நன்றி சொல்லி, ஆசீர்வாதம் சொல்லி, கையசைத்தாள். திரை அணைந்த பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எப்ப எடுத்தே?"

"விடியக்காலையில. நீங்க தூங்கறப்ப."

"வாயிலருந்தா?"

"ஆமாங்க."

"நான் ஒரு தடவை வேண்டாம்னு சொன்னேன், ரெஜினா."

அவ்வளவுதான். லிப்ஸ்டிக்கைத் துடைக்கக் குனிந்தேன். உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பினாள்.

27 மார்ச்

கஞ்சி இல்லை, காபி இல்லை. பல்செட்டை எடுக்கவும் விடவில்லை. தெய்வாத்தாள் ஊட்டிப் பார்த்தாள். அவள் கையால் இரண்டு ஸ்பூன் தண்ணீர் குடித்திருக்கிறாள்.

"ஏனுங் டீச்சரம்மா, நானு குடுத்தா வாயத் தொறக்கறாங். நீங்க கிட்டத்தால வந்தா மூடிக்கறாங். அப்பிடி என்னுங் பண்ணீட்டீங்?"

"ஒண்ணும் பண்ணலை. வயசாயிடுச்சு."

28 மார்ச்

தெய்வாத்தாளுக்கும் திறக்கவில்லை. டாக்டர் வந்து டிரிப் போட்டார். அவர் தெரு முனை தாண்டுவதற்குள் பிடுங்கிவிட்டாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கலாம் என்றதற்குத் தலையை ஆட்டினாள், வாய் திறக்காமலே.

30 மார்ச், பெரிய வெள்ளி

இன்று எல்லோருக்கும் உபவாசம்.

1 ஏப்ரல், ஈஸ்டர்

அவளிடம் பேசினேன். எடுத்தது தப்பு என்றேன். ஆல்வினிடம் நானே வேறு யாருடைய எச்சிலையோ அனுப்பி ஏமாற்றினேன் என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். நான் நடத்தை கெட்டவள்தான் என்று சொல்லிவிடுகிறேன், வாத்தியாரோ வேறு யாரோ, உங்களுக்குப் பிடித்த பெயரைப் போட்டுக்கொள்ளலாம், ஒரு ஸ்பூன் மட்டும் குடியுங்கள் என்றேன். நிஜமாகவே சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. அந்த நேரத்துக்கு நிஜம்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கோபமில்லை. ஸ்பூன் உதட்டில் இடித்து, கஞ்சி கழுத்தில் வழிந்தது. துடைத்தேன்.

ஒரு குழாய் எச்சிலுக்கு இத்தனை கேட்பாள் என்று எனக்குத் தெரியாது.

6 ஏப்ரல்

காலையில் போய்விட்டாள். தாடைக்குத் துணி கட்ட வேண்டியிருக்கவில்லை.

10 ஏப்ரல்

அடக்கம் முடிந்து இரண்டு நாள். மெல்போர்னிலிருந்து வந்த ஆல்வின் இன்னும் என் கண்ணை நேராகப் பார்க்கவில்லை. இன்று மதியம் சாப்பாட்டு மேசையில், ரொம்ப நாளாக யோசித்து வைத்திருந்ததைப் போல ஆரம்பித்தான்.

"மம்மி, நான் பேரை மாத்திக்கலாம்னு இருக்கேன். பையனுக்கும் சேர்த்து. அது நம்ம பேரே இல்லை. பொய்யை எதுக்குச் சுமக்கணும்? உங்க பேரைக் கடைசிப் பேரா வச்சுக்கறேன். ஆல்வின் ரெஜினா. அங்கே அதெல்லாம் சுலபம்."

என் பெயர். இந்த வீட்டில் எங்கேயும் எழுத இடமில்லாத பெயர். அவன் அதைப் பிராயச்சித்தமாகக் கொண்டுவந்து என் இலையில் வைத்தான். வருஷக்கணக்காக நான் இதற்குத்தான் ஏங்கினேன் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எனக்கு வந்த கோபத்தில் இலையைப் பிடித்துத் தள்ளினேன், குழம்பு அவன் சட்டையில் கொட்டியது.

"யாரு பேருடா அது, உன் பேரு இல்லாம? அந்தப் பேருக்காக ஒருத்தி கல்யாணத்தை விட்டா. என்னைத் தெருவுல நிறுத்துனா. கடைசியில சோத்தையும் விட்டா. நான் தூங்கறவ வாயில திருடினேன், அதையும் கணக்குல சேத்துக்கோ. இத்தனையும் அந்தப் பேருக்குப் போயிருக்கு. இப்ப வந்து வேண்டாங்கறியா?"

"அதுக்கில்லை மம்மி, உங்களுக்காகத்தான்."

"எனக்காக நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். கேட்ட அன்னிக்கு என்னை நம்பியிருந்தியானா அவ இன்னிக்கு உள்ளே படுத்துக்கிட்டு கஞ்சியில உப்பில்லைன்னு கத்திக்கிட்டு இருப்பா. கின்செல்லாவாவே இரு. உன் பையனும் இருக்கட்டும். யாராவது அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு கேட்டா, இதையும் சேத்துச் சொல்லு."

அவன் எழுந்து சட்டையைக் கழுவப் போனான். நான் சாப்பிட்டேன். பசித்தது.